அந்தக் கொள்கலனுக்குள் என்ன இருந்தது, அண்ணா?

அன்பு குறையாத என் சிவா அண்ணாவுக்கு,

நீங்கள் போனபிறகு டண்டினொங் கந்தோரை நான்தான் திறந்து வைத்திருக்கிறேன். உங்கள் அறையை அப்படியே விட்டுவிட்டு, என் பழைய மேசையிலேயே இருக்கிறேன். கண்ணாடிக் கதவில் யாராவது நிழலாடினால் நெஞ்சு ஒருமுறை இடித்து ஓய்கிறது. வருகிறவர் என்ன கேட்கப் போகிறாரோ, நான் என்ன சொல்லப் போகிறேனோ?

எங்கள் தொழில் என்னவென்று சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்த நீங்கள் படும் பாடு நினைவிருக்கிறது. சாமான் வாங்குகிறவர் முதலில் காசு அனுப்பப் பயப்படுவார். விற்கிறவர் முதலில் சாமான் அனுப்பப் பயப்படுவார். நடுவில் ஒரு வங்கி நின்று, சொன்ன பத்திரங்கள் சொன்னபடி வந்தால் காசு தருகிறேன் என்று எழுதிக் கொடுக்கும். அதுதான் எல்.சி. அதற்கு ஒரு வங்கியைச் சம்மதிக்க வைப்பதும், எந்தெந்தப் பத்திரம் வரவேண்டும் என்று எழுதிக் கொடுப்பதும், சாமான் விற்று முடியும்வரை வங்கியைப் பொறுத்திருக்கச் செய்வதும் எங்களைப் போன்ற தரகர்களின் வேலை. "ரெண்டு பேற்றை பயத்துக்கும் நடுவிலை நிக்கிறது, அவ்வளவுதான்" என்று சிரிப்பீர்கள். நடுவில் நிற்கிறவனுக்கும் ஒரு பயம் உண்டு என்று ஏன் ஒருநாளும் சொல்லவில்லை?

வெரிபீயில் இருந்து கஜு இறக்குமதி செய்யும் செந்திலை மறந்திருக்க மாட்டீர்கள். ஈரோட்டுக்காரர், நாங்கள் கஜு என்று சொன்னால் "முந்திரிங்கக்கா, முந்திரி" என்று திருத்துகிறவர். வியட்நாமில் வழமையாக அவருக்குக் கஜுப் பருப்பு அனுப்பும் கொம்பனியோடுதான் நீங்கள் எல்லா எல்.சி.யும் செய்து கொடுத்தீர்கள். இந்த முறை தீபாவளிக்கு முன்னால், வியட்நாமிலேயே ஒரு புதிய விற்பனையாளரைப் பிடித்துக்கொண்டு வந்தார். விலை மிகவும் குறைவு. வங்கிக்கு ஈடு, அவரும் மனைவி கவிதாவும் கடன்பட்டுக் கட்டிய அந்த வீடு.

கப்பலில் ஏற்றமுதல் ஒரு பரிசோதனை நிறுவனம் போய்ப் பருப்பைப் பார்த்துச் சான்றிதழ் தரவேண்டும் என்று எழுதப்போகிறேன் என்றேன். செந்திலின் முகம் கறுத்துவிட்டது.

"அவங்க ஒத்துக்க மாட்டாங்கக்கா. இந்த விலைக்கு வேற ஆளு கியூவுல நிக்கிறாங்க. அண்ணன் இருந்திருந்தா இந்நேரம் முடிச்சுக் குடுத்திருப்பாரு."

அந்தக் கடைசி வசனம் போதுமாக இருந்தது, என் உறுதி தளர்வதற்கு. நீங்கள் போனபிறகு பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வேறு தரகரிடம் போய்க்கொண்டிருந்தார்கள். இவரும் போனால் கந்தோர் வாடகைக்கே வழியில்லை. ஆனாலும், "கேட்டுப் பாருங்கோ செந்தில். மாட்டன் எண்டால் அப்ப யோசிப்பம்" என்றேன்.

விற்பனையாளர் உடனே ஒத்துக்கொண்டார். ஒரு கேள்வி இல்லை, ஒரு பேரம் இல்லை. செந்திலுக்குச் சந்தோஷம். எனக்கு அன்றைக்குத்தான் உண்மையான பயம் பிடித்தது. பரிசோதனைக்கு நேரமும் செலவும் போகும். அதை ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் ஏன் ஒருவர் ஏற்கவேண்டும்? ஒன்றும் சொல்லத் தெரியாமல் இன்னுமொரு வரியைச் சேர்த்தேன்: சான்றிதழ் விற்பனையாளரின் கையால் வந்தால் செல்லாது, பரிசோதனை நிறுவனமே நேராக வங்கிக்கு அனுப்பவேண்டும்.

சில வாரம் கழித்துப் பத்திரங்கள் வங்கிக்கு வந்தன. எல்லாம் அச்சடித்த மாதிரி அழகாக இருந்தன. கப்பலில் ஏற்றியதற்கான பத்திரம், விலைப்பட்டியல், காப்புறுதி, நடுவில் முத்திரை குத்திய பரிசோதனைச் சான்றிதழ். ஆனால் நிறுவனத்திடமிருந்து நேராக ஒன்றும் வரவில்லை. நான் அவர்களுக்கு ஃபோன் எடுத்தேன். அந்தப் பெண் கோப்பைப் பார்த்துவிட்டு, எங்கள் ஆள் இரண்டு தரம் போனார், பண்டகசாலையைத் திறந்து காட்டவில்லை, நாங்கள் எந்தச் சான்றிதழும் கொடுக்கவில்லை என்றாள். ஃபோனை வைத்தபிறகு நான் எழுந்து போய்க் கந்தோர்க் கதவைப் பூட்டினேன். ஏன் பூட்டினேன் என்று இன்னும் தெரியவில்லை.

வங்கி, பத்திரத்தில் குறை இருக்கிறது என்று செந்திலுக்கு அறிவித்தது. ஆனால் அவர் ஒரு கையெழுத்துப் போட்டு, பரவாயில்லை, ஏற்கிறேன் என்றால் காசு போய்விடும். இரண்டொரு நாளில் முடிவு சொல்லவேண்டும். நான் திரும்பத் திரும்ப ஃபோன் அடித்தும் அவர் எடுக்கவில்லை. கடைசியில் கவிதாதான் அவருடைய ஃபோனை எடுத்துப் பேசினாள்.

"அவரு கையெழுத்துப் போடப் போறேன்னு நிக்கிறாருக்கா. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க வர முடியுமா?"

வேலை விடுகிற நேரம். டண்டினொங்கிலிருந்து வெரிபீக்குப் போவதென்றால் நகரத்தைக் குறுக்கறுத்துப் போகவேண்டும். வெஸ்ட் கேட் பாலத்தில் வாகனங்கள் நின்று நின்று நகர்ந்தன. கீழே துறைமுகத்தில் அடுக்கடுக்காகக் கொள்கலன்கள். அதற்குள் அவர் கையெழுத்துப் போட்டிருந்தால்? அல்லது நான் தடுத்து, உள்ளே நல்ல பருப்பே இருந்தால்? தீபாவளி வியாபாரத்தைக் கெடுத்தவள் என்று ஊரெல்லாம் சொல்லாதா?

செந்தில் சாப்பாட்டு மேசையில் லாப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார். விற்பனையாளர் அன்றைக்கே பலமுறை பேசியிருக்கிறார். இன்றைக்கு ஏற்காவிட்டால் சாமானை வேறு ஆளுக்குத் திருப்பிவிடுவேன் என்றாராம்.

"ஷிப்புல ஏத்தியாச்சுக்கா. பில் ஆஃப் லேடிங் இருக்குல்ல? இல்லாத சரக்கையா ஏத்துவான்?"

"அது பெட்டி ஏறினதுக்குத்தான் சாட்சி செந்தில். உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு கப்பல்காரனுக்குத் தெரியாது. வங்கிக்கும் தெரியாது. அவை பேப்பரைத்தான் பார்ப்பினம்."

கவிதா குசினியில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப உள்ள கல்லு இருந்தாலும் பேங்க் காசு குடுத்துருமா?"

"ஓம். இவர் ஏற்கிறன் எண்டு கையெழுத்து வச்சால் குடுத்திடும். பிறகு உங்களிட்டைத்தான் கேக்கும்."

"குடுக்க முடியலன்னா?"

கேட்டுவிட்டு அவள் சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். மகளின் நீச்சல் உடுப்பு கதவுப் பிடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"என்ன ஆதாரத்துலக்கா சொல்றீங்க?" செந்திலின் குரல் உயர்ந்தது. "சர்ட்டிஃபிகேட் டூப்புன்னா சரக்கும் டூப்பா? அவசரத்துல ஏதோ பண்ணியிருப்பான். உறுதியாச் சொல்ல முடியுமா உங்களால?"

"ஏலாது. உறுதியாச் சொல்ல ஏலாது. எனக்குப் பயமாக் கிடக்கு செந்தில். அவ்வளவுதான். எனக்குச் சரியான பயமாக் கிடக்கு."

ஒரு வாடிக்கையாளருக்கு முன்னால் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் அழுகை வந்துவிட்டது, அண்ணா. வெட்கமாக இருந்தது. செந்தில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் ஒரு நாளும் பயமா இருக்குன்னு சொன்னதே இல்லையேக்கா."

"சொல்லியிருக்கணும்," என்றாள் கவிதா. "வீட்ட அடமானமா வெச்சுட்டு ஒண்ணுமே தெரியாம நான் நிம்மதியா தூங்கிட்டிருந்தேன்." பிறகு லாப்டாப்பை மெல்ல மூடினாள். செந்தில் அதைத் திரும்பத் திறக்கவில்லை.

பத்திரங்கள் திருப்பி அனுப்பப்பட்டன. மறுநாளிலிருந்து கந்தோருக்கு ஃபோன் வரத் தொடங்கியது. ஒரு ஆண் குரல், அமைதியான ஆங்கிலம். உங்கள் கந்தோர் எந்தத் தெருவில் என்று தெரியும், நீங்கள் எங்களுக்குப் பெரிய நட்டம் செய்துவிட்டீர்கள் என்றது. பொலிசில் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்துக் கடைக்காரப் பெண்ணோடு சேர்ந்து நடந்தேன். பிறகு ஃபோன் நின்றுவிட்டது. நின்றதும் நிம்மதி வருமென்று நினைத்தேன். வரவில்லை.

செந்திலுக்குத் தீபாவளி வியாபாரம் போய்விட்டது. என்னோடு பேச்சு இல்லை. பிறகு ஒருநாள் திடீரென்று என்னை ஃபோனில் கூப்பிட்டார். அந்தக் கொள்கலனை டண்டினொங்கில் வேறொரு வியாபாரி குறைந்த விலைக்கு வாங்கியிருக்கிறார். திறந்து பார்த்தால் முன்வரிசையில் மட்டும் பருப்பு, பின்னால் முழுக்கப் பருப்பு எடுத்து எறிந்த, பூஞ்சணம் பிடித்த கோது மூட்டைகள்.

"பொழச்சோம்கா," என்றார்.

எனக்கு அந்த மற்றவரின் ஞாபகம்தான். அவருக்கும் ஒரு வீடு இருக்கும். அவருக்கு ஒருவரும் பயமாக் கிடக்கு என்று சொல்லவில்லையா? நாங்கள் தப்பிய பொறியில் வேறொருவர் விழுவார் என்று எனக்கு ஏன் அப்போதே தோன்றவில்லை?

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணியிடம் போய் இதெல்லாம் சொன்னேன். அண்ணா என்றால் இப்படி நடுங்கியிருக்க மாட்டார் என்றேன். அண்ணி கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தா.

"அவருக்குப் பயமில்லையெண்டு ஆர் உனக்குச் சொன்னது? ஒவ்வொரு கப்பலும் வந்து பெட்டி திறக்குமட்டும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. நெஞ்சுக்குள்ளை இறுக்கிப் பிடிக்குது எண்டுவார். டொக்டரிட்டைப் போவம் எண்டால், கிளையன்ற் ஆருக்கும் தெரிஞ்சால் நம்பிக்கை போயிடும் எண்டு விட்டிடுவார்."

அண்ணா, எத்தனை வருஷம் அடுத்தடுத்த மேசையில் இருந்தோம்! என்னிடமாவது சொல்லியிருக்கலாமே? நீங்கள் சிரித்தபோதெல்லாம் அது உள்ளே இறுக்கிக்கொண்டிருந்ததா? வேலைக்குப் போன அந்தக் காலையில், காருக்குள் தனியே உங்கள் நெஞ்சு நின்றபோதும் அதுதானா?

எனக்கும் நெஞ்சின் இடப்பக்கம் இறுக்குகிறது. அண்ணியிடம் மறைக்கவில்லை. அவ என் கையைப் பிடித்து இருத்தி வைத்து அங்கேயே டொக்டருக்கு நேரம் எடுத்தா. நாளைக்குப் போகிறோம், இரண்டு பேருமாக. என்ன சொல்லப் போகிறார்களோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

கந்தோரை மூடமாட்டேன். உங்களைப் போலத் தைரியமாக நடிக்கவும் மாட்டேன். ஈடு வைக்கிற வீட்டில் இருக்கிற எல்லாரையும் மேசைக்குக் கூப்பிட்டு, எது எனக்குத் தெரியும், எது தெரியாது, எங்கே எனக்குப் பயம் என்று வாய்விட்டுச் சொன்னபிறகுதான் இனி ஒரு எல்.சி.க்கு எழுதிக் கொடுப்பேன். போகிறவர்கள் போகட்டும். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

பயத்தை உங்களிடமிருந்தே வாங்கி, அதை உங்களைப்போல் மறைக்கத் தெரியாத
உங்கள் தங்கச்சி,
வசந்தி