சோளக்காட்டு இறக்கத்தில் ஒரு கிளை

என் பிரியமுள்ள பக்கிரிக்கு,

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ இருந்தபோது பேசவில்லை. நீ போன பிறகும் பேசாமலிருந்தால் அந்த வீம்பை யாரிடம் காட்டுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிலத்து விஷயத்தில் இன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி. நீ செத்துப்போய்விட்டாய் என்பதற்காக அதை மாற்றிக்கொள்ள மாட்டேன். அப்படி மாற்றிக்கொண்டால் நீயே சிரிப்பாய்.

இந்த மாசியிலும் கொல்லிமலைக்குச் சைக்கிளில் போய்வந்தேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

வழி ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. திருவையாற்றில் கிளம்பிக் கல்லணை வரை ஆற்றங்கரைச் சாலை. மேட்டூர் அணையை மூடிவிட்டதால் ஆற்றில் மணல்தான். திருச்சியைத் தாண்டினால் நீ திட்டிக்கொண்டே மிதிக்கும் முசிறிச் சாலை. அதை அகலப்படுத்துகிறோம் என்று புளியமரங்களை வெட்டிவிட்டார்கள். நின்று திட்டுவதற்குக்கூட நிழலில்லை. தொட்டியம் கடந்து நாமக்கல் பக்கம் போகும்போது மலை முதன்முதலில் நீலமாகத் தெரியுமே, அங்கே நீ எப்போதும் சைக்கிள் மணியை ஒருமுறை அடிப்பாய். இந்தத் தடவை நான் அடித்தேன். பக்கத்தில் போன மாட்டுவண்டிக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். அவருக்கு என்ன சொல்வது?

நாம் முதன்முதலில் போனது உனக்கு நினைவிருக்கிறதா? என் அப்பாவின் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தை உன் அப்பா குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த காலம். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு நான் கல்லூரிக்கும் நீ வயலுக்கும் போயிருந்தோம். சம்பா அறுவடை முடிந்து வயல் காயும் மாசியில்தான் உனக்கு ஓய்வு. மலை பார்க்க வேண்டும் என்றாய். ஆற்றுப்பாலத்தில் ஏறுவதையே மேடு என்று சொல்கிற ஊர்க்காரர்கள் நாம். பாதிக்குமேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினோம். எழுபது கொண்டை ஊசி வளைவு என்றார்கள். நீ எண்ண மறுத்துவிட்டாய்.

மேலே சோளக்காடு என்ற ஊரில் டீ குடித்துவிட்டு இறக்கத்தின் தலையில் வந்து நின்றபோதுதான் உனக்கு உறைத்தது.

“மச்சான், ஏறுனது பெருசில்ல. எறங்குறதுக்கு நம்மூர்ல எங்க பழகுனோம்?”

உண்மைதான். நம் ஊரில் பிரேக் பிடித்து யார் வண்டியை நிறுத்தினார்கள்? காலை ஊன்றினால் நின்றுவிடும். என் சைக்கிளில் பிரேக் கட்டை தேய்ந்து வெறும் இரும்பாகக் கிடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நீ காப்பித் தோட்டத்து ஓரம் கழித்துப்போட்டிருந்த கிளைகளில் தழை அடர்ந்ததாக இரண்டை இழுத்துவந்து, சைக்கிள் கேரியரில் கட்ட ஆரம்பித்தாய்.

“என்னடா பண்றே?”

“பரம்பு கட்டுறேன்.”

சேற்று வயலைச் சமமாக்க மாட்டுக்குப் பின்னால் கட்டி இழுக்கும் பலகையைத்தான் சொன்னாய்.

“வயல நெரவலாம். மலைய எப்படிடா நெரவுவே?”

“மலையவா? ஒன்னயத்தான் நெரவி வூட்டுல சேக்கணும். ஒங்கப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?”

அப்படித்தான் இறங்கினோம். பின்னால் தழை தரையில் இழுபட்டு, வண்டியின் வேகத்தைப் பிடித்து, புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. எதிரே வந்த பஸ்ஸின் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையை நீட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு என் அப்பா இறக்கும்வரை ஒரு மாசிகூட நாம் தவறவிடவில்லை.

அப்பா போனதும் நிலத்தை விற்றுத் தங்கைக்குக் கல்யாணம் செய்யலாம் என்று நினைத்தேன். உன் வீட்டார் நிலத்தை விடவில்லை. குத்தகைக்காரனை வெளியேற்ற முடியாது என்பது சட்டம். சட்டம் போட்டவர்களையும், அவர்களுக்குப் பிறகு வந்து அதையே சொல்லி ஓட்டு வாங்கியவர்களையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. வேலி வேலியாக, நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலம் வைத்திருந்தவர்கள் வேலைக்காரன் பெயரிலும் வண்டிக்காரன் பெயரிலும் எழுதிவைத்துத் தப்பித்துக்கொண்டார்கள். ஆறு மாவும் ஒரு வாத்தியார் சம்பளமும் வைத்திருந்த எங்கள் வீடுதான் அகப்பட்டது.

அதைக்கூட விடு. குத்தகை விசாரணை நடந்த அன்று தாசில்தார் ஆபீஸ் தாழ்வாரத்தில், கரைவேட்டியும் துண்டுமாக உன் கட்சிக்காரர்கள் கூடி நிற்க, என்னைப் பார்த்து நீ சொன்னாய்:

“வழி வுடுங்கப்பா, மிராசுதார் வர்றாரு!”

எல்லாரும் சிரித்தார்கள். நிலம் போனது சட்டத்தால். அந்த வார்த்தை உன் வாயிலிருந்து வந்தது. மாசக் கடைசியில் எங்கள் வீட்டில் அரிசி இல்லாதபோது உன் அம்மாவிடம் படி கணக்கில் வாங்கிப்போனவன் நான் என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும் எப்படிச் சொன்னாய்? அந்த நேரத்துச் சிரிப்புக்காகவா?

அன்றோடு பேச்சு நின்றது.

ஆனால் அடுத்த மாசியில் நான் கிளம்பினேன். நிலம் உன் பக்கம் போகலாம், சாலை போகாதே. முசிறிக்குப் பக்கத்தில் பார்த்தால் எனக்கு முன்னால் உன் முதுகு. நீயும் அதையேதான் நினைத்துக் கிளம்பியிருப்பாய். ஒரு பர்லாங் இடைவெளி விட்டு இருவரும் ஒரே மலையில் ஏறினோம். சோளக்காட்டு டீக்கடை அம்மா நம்மை மாறி மாறிப் பார்த்தார்.

“ஒரே ஊர்க்காரங்கதானே? ஏன் ஆளுக்கொரு பெஞ்சு?”

“அவரு சைக்கிளு வேற, எஞ்சைக்கிளு வேறம்மா” என்றாய்.

நீ முன்னால் போய்விட்டாய். இறக்கத்தின் தலையிலிருந்த மைல்கல்லின் மேல் ஒரு கிளை கிடந்தது. அதில் வைக்கோலைக் கயிறாக முறுக்கிய ஒரு புரி கட்டி, கேரியரில் மாட்டத் தோதாக முடிச்சும் போட்டிருந்தது. கதிர்க்கட்டு கட்டும் புரியைப் போல இல்லாமல் மூன்றை ஒன்றாகச் சேர்த்து முறுக்கியது. ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாய். எந்த வயலின் வைக்கோல் அது? கேலியாக வைத்தாயா, எனக்குச் சேர வேண்டிய வாரமாக, விளைச்சல் பங்காக வைத்தாயா? இப்போது சொல்லேன்.

நான் அதைக் காலால் தள்ளிவிட்டு பிரேக்கை நம்பி இறங்கினேன். பாதி மலையில் அது கைவிட்டது. மண்சுவரில் மோதி முழங்கை கிழிந்தது. அடுத்த வளைவில் நீ செயினைச் சரிசெய்கிற மாதிரி குந்தியிருந்தாய். என்னை நிமிர்ந்து பார்க்காமல் செயினிடம் சொன்னாய்:

“சில பேருக்குக் கொழுப்பு எறங்க எழுவது வளைவு பத்தாது போலருக்கு.”

நானும் அங்கே மேய்ந்த ஆட்டிடம் சொன்னேன்: “அடுத்தவன் வயல்ல மேயறவனுக்கு வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல.”

நீ சிரித்ததை முதுகு காட்டிக்கொடுத்தது. பிறகு வந்த மாசிகளில் எல்லாம் நம் பேச்சு அவ்வளவுதான். நீ செயினிடம் பேசினாய், நான் ஆட்டிடமும் மைல்கல்லிடமும் பேசினேன். தங்கைக்குக் கல்யாணம் ஆனதை ஒரு டீ கிளாஸிடம்தான் சொன்னேன். உனக்குப் பெண் பிறந்ததை நீ உன் காற்றடிக்கும் பம்பிடம் சொன்னாய். கிளை மட்டும் ஒவ்வொரு வருஷமும் மைல்கல்லின் மேல் கிடந்தது. நான் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

இந்த வருஷம் டீக்கடை அம்மா இரண்டு கிளாஸை எடுத்து வைத்தார்.

“இன்னொருத்தரு பின்னால வர்றாருங்களா?”

“இல்லம்மா. ஐப்பசியில போய்ட்டாரு.”

அவர் இரண்டு கிளாஸிலும் டீ ஊற்றி, ஒன்றை எதிர் பெஞ்சில் வைத்தார். அது ஆறிப்போகும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

மைல்கல்லின் மேல் ஒன்றுமில்லை. இருக்காது என்று தெரியும்தான். தெரிந்தும் அதைச் சுற்றிப் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன், பக்கிரி. பிறகு நானே ஒரு கிளையைத் தேடி, திருச்சியில் வாங்கிய நைலான் கயிற்றால் கட்டினேன். இரண்டு வளைவுக்குள் முடிச்சு நழுவிக் கிளை ஓடையில் விழுந்தது. கியர் வைத்த சைக்கிளில் வந்த சில இளைஞர்கள் என்னைத் தாண்டும்போது, “சார், பிரேக் இல்லையா?” என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அடிவாரம் வரை நடந்தேன்.

எனக்குப் புரி முறுக்கத் தெரியாது. இத்தனை வருஷம் உன் கையால் முறுக்கியதிலேயே இறங்கிவிட்டேன். அடுத்த தை அறுவடைக்கு அந்த ஆறு மாவின் வரப்பில் வந்து நிற்பேன். இது சத்தியம். உன் மனைவி, தங்கச்சி மல்லிகாவிடம் ஒரு கை வைக்கோல் கேட்பேன், முறுக்கவும் கற்றுத்தரச் சொல்வேன். ஆட்டிடம் கேட்க மாட்டேன், அவள் முகத்தைப் பார்த்தே கேட்பேன். மாசியில் மைல்கல்லின் மேல் ஒரு கிளை இருக்கும். நிலம் யாருடையது என்ற பேச்சை மட்டும் அங்கே எடுக்க மாட்டேன். அதில் நான் சொன்னதுதான் சரி.

இதை நம் ஊர் நூலகத்துக்கு வருகிற மாதப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அவர்கள் பெயரும் படமும் கேட்கிறார்கள். பெயரைப் போட்டால் ஊரில் பாதிப் பேர் மிராசுதார் எழுதியது என்பார்கள், மீதிப் பேர் தோற்றவன் எழுதியது என்பார்கள். மல்லிகாவுக்குப் பெயரில்லாமலே தெரியும். நீ ஒரு வருஷமாவது அந்தக் கிளையில் பெயர் எழுதி வைத்தாயா? யார் வைத்தது என்று நான்தான் கேட்டேனா? உன் மச்சான் என்று மட்டும் எழுதி, கீழே கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.

உன் மச்சான்