உன் கைக்கு வளைத்த கோடு

என் கூடப் பிறந்த ராசா, தம்பி சுப்பையாவுக்கு,

உன் படத்துக்கு விளக்கேற்றிய கையோடு உட்கார்ந்து அக்கா எழுதுகிறேன். மேலே சௌக்கியமா? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? அங்கேயாவது உப்பைக் குறைத்துக்கொள்.

ஐப்பசி மழை நன்றாக ஊன்றிப் பெய்தது. பசுவந்தனைக் காட்டில் நம் உளுந்து முளைத்துவிட்டது. பார்க்கப் போனேன், கரிசல் என் செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்றது. கோவில்பட்டிக்கு வெறுங்காலோடுதான் பஸ் ஏறினேன். அதற்கும் தெரு சிரித்தது. சிரிக்கட்டும். அதைவிடப் பெரிய சிரிப்பெல்லாம் சிரித்து முடித்தாயிற்று, அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் தெருவுக்கும் கேட்கட்டும்.

இருபது வருஷம் விமானப்படையில் எஞ்சினைக் கழற்றி மாட்டினாய். ஓட்டுகிறவர் இருக்கையில் நீ உட்கார்ந்ததெல்லாம் அது தரையில் நிற்கும்போது மட்டும்தான். வேலை முடிந்து ஊருக்கு வந்தாய், வாதம் வந்து வலது கை இடப்பக்கமாக இழுத்துக்கொண்டது. பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்தாள், உனக்குச் சோறு பொங்க நான் வந்தேன். உன் மகன் முருகேசன் பெங்களூரிலிருந்து கம்ப்யூட்டரும், திரையில் விமானம் ஓட்டி விளையாட ஒரு ஜாய்ஸ்டிக் குச்சியும் கொண்டுவந்து வைத்த அன்றைக்கு உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாண வீட்டு மாப்பிள்ளை கெட்டான்.

முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? மதுரையில் கிளம்பினாய். குச்சியில் கையை வைத்ததுதான் தாமதம், கை தன் வழக்கப்படி இடப்பக்கம் சாய்ந்தது, விமானமும் கூடவே சாய்ந்தது. ஊருக்கு மேலே இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன்.

“ஏலே, மீனாட்சி கோயில் இருக்கிற ஊரை அப்பிரதட்சணமா சுத்துதியே, பாவம் பிடிச்சிராதா?”

“எக்கா, நான் எங்க சுத்துதேன்? கை சுத்துது. நீ கொஞ்சம் வாயை மூடு.”

அப்புறம்தான் குச்சிக்கும் விமானத்துக்கும் நடுவில் நின்று பேசுகிற அந்தச் சின்ன மென்பொருளை முருகேசன் போட்டுக் கொடுத்தான். திரையில் ஒரு கோடு வரும். குச்சி எவ்வளவு அசைந்தால் விமானம் எவ்வளவு அசைய வேண்டும் என்பதற்கு அந்தக் கோடுதான் கணக்கு. நீ நாள்கணக்காக அதை இழுத்து வளைத்துக்கொண்டிருந்தாய். கை நடுங்கினால் அது விமானத்துக்குக் கேட்கக் கூடாது, வேண்டுமென்று அசைத்தால் கேட்க வேண்டும். இழுத்துக்கொண்டு போய் உன் கை எங்கே நிற்கிறதோ, அதுதான் நடு என்று விமானம் ஒத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் ஒத்துக்கொள்ள வைத்தாய். உலகத்தில் வேறு யார் உன் கையை அப்படி ஒத்துக்கொண்டார்கள்? பஸ்ஸில் சில்லறை வாங்க நீட்டினால்கூட கண்டக்டர் முகத்தைச் சுளித்தான்.

இடது கைக்கு இரண்டு பொத்தான் வைத்து, அதற்கு ட்ரிம் என்றாய். எனக்கு விளங்கவில்லை.

“மூக்கு மேல தூக்குதுன்னு எந்நேரமும் குச்சியை அமுக்கிக்கிட்டே இருந்தா கை கடுத்துரும் எக்கா. ட்ரிம்மைச் சரியா வச்சிட்டா, கையை எடுத்தாலும் அதுபாட்டுக்கு மட்டமாப் போகும்.”

“வண்டியில பின்பாரம் விழுந்தா நுகத்தடி மேல தூக்கும். ரெண்டு பருத்தி மூட்டையை முன்னால தள்ளுனா அடங்கிரும். அதானலே?”

“அதேதான். ஒனக்குப் போயி எவனும் லைசென்ஸ் தரலையே!”

எல்லாம் சரியாக வந்தது, இறக்குவதுதான் வரவில்லை. மதுரையில் ஓடுதளம் கண்ணுக்குத் தெரியும், நீ மூச்சைப் பிடிப்பாய், கையும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். மூக்கு குத்தும், இல்லையென்றால் காட்டுக்குள் ஓடும். கடைசித் தடவை சக்கரம் தரையைத் தொட்டு, பாதித் தூரம் ஓடிவிட்டுத்தான் வரப்பில் ஏறியது. “நாளைக்கு எறக்கிருவேன் எக்கா” என்றாய். அந்த நாளையை உனக்குக் கொடுக்காமல் ராத்திரியே சாமி கூட்டிக்கொண்டது. செண்பகவல்லி அம்மன் சந்நிதியில் நின்று கேட்டேன், “ஒரு நாள் தாயி, ஒரே ஒரு நாள் பொறுக்கக்கூடாதா?” அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. நானும் கேட்பதை விடவில்லை.

காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு உன் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அடுத்த வீட்டு மூக்கம்மா எட்டிப் பார்த்தாள்.

“எக்கா, இந்த வயசுல என்ன வெளாட்டு? நாலு பேரு என்ன பேசுவாவ?”

“நீ தாயம் உருட்டலையா? நான் பிளேன் ஓட்டுதேன். சோலியைப் பாரு.”

உன் கோடு அப்படியே இருந்தது. அதனால் நான் குச்சியை நேராகப் பிடித்தால் விமானம் வலப்பக்கம் ஓடும். மணிக்கட்டை இடப்பக்கம் சாய்த்து, உன் கை மாதிரி என் கையை வைத்தால்தான் நேராகப் போகும். வைக்கப் பழகிக்கொண்டேன்.

சரஸ்வதி பூசை வந்தது. அரிவாள்மணைக்கும் ஆட்டுரலுக்கும் வைக்கிற மாதிரி குச்சிக்கும் சந்தனம் குழைத்து வைத்தேன், குங்குமம் இட்டேன். கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன், உனக்கு வைப்பதில் என்ன கஞ்சத்தனம்? மறுநாள் விஜயதசமிக்கு மிஷினைப் போட்டு, விமானத்தை மேலே ஏற்றிவிட்டுக் குச்சியிலிருந்து கையை எடுத்தேன். யாரும் தொடாமலே குச்சி இடப்பக்கம் சாய்ந்து நின்றது. நீ வைத்தால் எவ்வளவு சாயுமோ அவ்வளவு. விமானம் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது.

கத்திவிட்டேன். “எந் தம்பி வந்துட்டான்!” கற்பூரம் ஏற்றினேன். தெரு கூடிவிட்டது. மூக்கம்மா தேங்காயோடு வந்து, “சுப்பையா அண்ணாச்சி, எம் மகளுக்கு எந்தத் திசையில மாப்பிள்ளைன்னு காட்டுங்க” என்று கும்பிட்டாள். விமானம் அப்போது விளாத்திகுளம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு ரொம்பத் திருப்தி.

தீபாவளிக்கு முருகேசன் வந்தான். குச்சியைக் கவிழ்த்து, திருகைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்தான்.

“அத்தை, இதுல யாரு சந்தனம் வச்சா?”

“நான்தான். ஏன்?”

“வழிஞ்சு உள்ள எறங்கிக் கல்லாட்டம் காஞ்சிருக்கு. அதான் குச்சி நடுவுக்குத் திரும்பாம ஒரு பக்கமா நிக்குது.”

தெரு சிரித்தது பார், விளாத்திகுளம் வரைக்கும் கேட்டிருக்கும். மூக்கம்மா தேங்காயைத் திருப்பிக் கேட்டாள். நான் அதைச் சட்னி அரைத்து மூன்று நாளாயிற்று. நான் அசரவில்லை தம்பி. குச்சி வலப்பக்கம் சாய்ந்திருக்கலாம், முன்னால் பின்னால் சாய்ந்திருக்கலாம். உன் கை சாய்கிற பக்கம், உன் கை சாய்கிற அளவு சாய வைத்தது யார்? சந்தனத்துக்கு அவ்வளவு புத்தி உண்டா?

ஆனால் அடுத்து முருகேசன் செய்யப் போனதைக் கேள். குச்சியைத் துடைத்து மாட்டிவிட்டு, அந்த மென்பொருளைத் திறந்தான்.

“அளவெல்லாம் கோணலா இருக்கு அத்தை. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் பழையபடி வச்சிருதேன். ஒங்களுக்கு லேசா இருக்கும்.”

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். “தொட்டேன்னா பாரு! ஏலே, எது கோணல்? ஒங்கப்பன் வளைச்சதாக்கும் அது.”

“அது அப்பா கைக்கு வச்சது அத்தை. அப்பா கைதான் இப்ப இல்லையே.”

சொன்னபிறகு அவனுக்கே முகம் செத்துப்போனது. நான் அழவில்லை. “உக்காரு இங்கன” என்றேன். உட்கார்ந்தான், விமானத்தை மேலே ஏற்றிக் கொடுத்தேன். “குச்சியைப் பிடி. நேரா இல்ல, இடப்பக்கம் சாய்ச்சு. இன்னும் கொஞ்சம். அங்கன நிறுத்து.” வலப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த விமானம் மெல்ல நிமிர்ந்து நேராகப் போனது. “இப்பச் சொல்லு. ஒங்கப்பன் கை இருக்கா, இல்லையா?”

அவன் கையை எடுக்கவில்லை. விமானம் சேலம் தாண்டிப் பெங்களூர் வரும்வரைக்கும் அப்படியே பிடித்திருந்தான். கொள்ளிச்சட்டி தூக்கிய அன்றைக்குக்கூட அழாத பிள்ளை.

அப்புறம் அவனே சொன்னான். “ஒவ்வொருத்தர் அளவையும் பேர் போட்டுத் தனித்தனியா வச்சிக்கிடலாம் அத்தை. ஒண்ணு இன்னொண்ணை அழிக்காது.” உன் கோட்டுக்கு ‘அப்பா’ என்று பேர் போட்டான். பக்கத்தில் ‘அத்தை’ என்று ஒன்று திறந்து கொடுத்தான். எனக்கு நானே வளைத்தேன். என் கோடு உன்னதை மாதிரி நெளியாது, என் வாய் மாதிரி நேராகப் போகும்.

அதில் முந்தாநாள் மதுரையில் இறக்கிவிட்டேன் தெரியுமா? வரப்பில் ஏறாமல், ஓடுதளத்திலேயே நின்றது. ஆனால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. நல்ல கைக்கு நல்ல கோடு வைத்து இறக்குவதில் என்ன இருக்கிறது? முருகேசனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “அப்பா அளவுல எறக்குதது கஷ்டம் அத்தை, ஒங்க கைக்கு வராது” என்றான். வராதாம்! ஐம்பத்துநாலு வயதுக்குள் எத்தனை ‘வராது’ கேட்டுவிட்டேன்.

சந்தனம் அடுத்த பூசைக்கும் வைப்பேன், உள்ளே வழியாமல் அடிக்கட்டையில் வைப்பேன், யார் தடுக்கிறார்கள் பார்ப்போம். ‘அப்பா’ என்ற அந்தப் பேரை அழிக்க எவனையும் விட மாட்டேன். உன் வருஷத் திதிக்குள் மணிக்கட்டை இடப்பக்கம் சாய்த்து, மீனாட்சி ஊரை முறையாக வலமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு, உன் கோட்டிலேயே இறக்குவேன். நீ கேட்ட நாளையைச் செண்பகவல்லி தராவிட்டால் போகட்டும். நான் தருகிறேன்.

கண்ணை மூடிக்கொள்ளாமல் மேலேயிருந்து ஓடுதளத்தைப் பார்த்துக்கொண்டே இரு.

உன் கூடப் பிறந்தவள், உன் மகனுக்கு அத்தை,
பேச்சியம்மாள்