பச்சாயி கொடுத்த பூ

ஸ்காட்லாந்து
ஜூன் 19

அன்பான பரிமளாவுக்கு,

உன் மாமன் எழுதுவது. நான் நலம். நீயும் தமிழினிப் பாப்பாவும் அம்மாவும் அங்கே நலமாக இருக்க வேண்டும். போனில் ஆரம்பித்தால் நமக்குச் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதைத் தாண்டுவதற்குள் சண்டை வந்துவிடுகிறது. நல்ல சேதியைச் சண்டையில் சொல்ல வேண்டாமே என்றுதான் காகிதத்தை எடுத்தேன்.

தகுதிச் சுற்றில் தேறிவிட்டேன், பரிமளா. கோல்ஃபில் உலகத்துக்கே பெரிய போட்டி என்று நாலுதான் உண்டு. அதில் ஒன்றில் அடுத்த மாதம் உன் புருஷன் ஆடப் போகிறான். கோயம்புத்தூர் கிளப்பில் பணக்காரர்களுக்குப் பை தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தானே, அதே ஆள்தான். இங்கே என்னைத் தெரிந்தவர் யாருமில்லை. வாசலில் நின்றவன், "நீ யாருக்குப் பை தூக்குகிறாய்?" என்று கேட்டான். நானும் பழக்கதோஷத்தில் பையைத் தேடினேன், போ!

ஒரு காரியம் செய். வெள்ளிக்கிழமை பச்சாயி கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டுவிடு. கிணறு வெட்டவும், உன்னைக் கட்டவும் கேட்டுத்தானே செய்தோம். நான் ஜெயிப்பேனா என்று கேள். வாக்கைப் போனில் சொல்லிவிடாதே. வந்த பூ ஆளின் கைக்கு வர வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். ஸ்பீடு போஸ்டில் அனுப்பு. வெள்ளை வந்தால் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆடுவேன்.

ஆடி முடித்ததும் ஊருக்கு வந்துவிடுகிறேன். ஜெயித்தாலும் தோற்றாலும் ஆவணியில் பாப்பாவுக்குக் காது குத்தும்போது பச்சாயி வாசலில் நான் நிற்பேன். அதன் பிறகு உன் கண் முன்னால்தான் என் பிழைப்பு. இது சத்தியம். அம்மாவுக்கு வெற்றிலையை மறக்காமல் வாங்கிக் கொடு.

உன் கைச் சாப்பாட்டுக்கு ஏங்கும்,
திருமுருகன்


ரஞ்சன்குடி
ஜூலை 1

அன்புள்ள மாமாவுக்கு,

பரிமளா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதத்தை அத்தைக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். பை தேடிய இடத்தில் மூன்று தடவையும் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். வைத்திலிங்கம் பூசாரி வெள்ளை அரளி ஒன்றும் சிவப்பு அரளி ஒன்றும் தனித்தனிப் பூவரச இலையில் வைத்து, வாழைநாரால் இரண்டு பொட்டலமாகக் கட்டி, பச்சாயி காலடியில் போட்டார். "நெனச்சுக்கம்மா"ன்னார். நான் கண்ணை மூடி நினைத்துக்கொண்டேன். பாப்பா போய் ஒன்றை எடுத்து வந்தாள்.

சிவப்பு, மாமா.

பூசாரி விபூதி மட்டும் கொடுத்தார். நான் இன்னொரு முறை கேட்கலாமா என்றேன். அத்தை, "ஒரு தரம் சொன்னத மறுபடியும் கேட்டா அவளுக்குக் கோவம் வரும்டி, வா போலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார். எடுக்காத பொட்டலத்தையும் நான் கேட்டு வாங்கி வந்து விளக்கு மாடத்தில் வைத்திருக்கிறேன்.

வழக்கப்படி சிவப்பைக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மாமா, உங்கள் திறமையைப் பற்றி எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் இது வேண்டாம். பையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். இந்தப் போட்டி இல்லாவிட்டால் இன்னொன்று. எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன பயம் என்று கேட்காதீர்கள்.

சின்ன வெங்காயம் நடவு முடிந்துவிட்டது. பாப்பா உங்கள் பழைய பந்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறாள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
பரிமளா


ஸ்காட்லாந்து
ஜூலை 22

என் பரிமளாவுக்கு,

டிவியில் பார்த்திருப்பாய், ஊரே சொல்லியிருக்கும். இருந்தாலும் என் கையால் எழுதினால்தான் எனக்கே நம்பிக்கை வரும் போலிருக்கிறது. நான் ஜெயித்துவிட்டேன்!

கடைசி நாள் காற்று என்றால் அப்படியொரு காற்று. பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் உயரமாக அடித்த பந்தெல்லாம் கடல் பக்கம் போய் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆடி மாதம் நம் கோட்டைக்குக் கீழே உள்ள பொட்டலில், புடவை காயப்போட்டால் அடுத்த ஊருக்குப் பறக்கும் காற்றில்தானே நான் பந்து அடித்துப் பழகினேன்? தரையோடு தரையாக, முழங்கால் உயரத்துக்கு மேலே போகாமல் அடித்துக்கொண்டே போனேன். முதலில் இருந்தவன் கடைசிக் குழியில் மணலுக்குள் அடித்துவிட்டு அங்கேயே நின்றான். என் பந்து குழியின் விளிம்பில் ஒரு கணம் யோசித்தது. பிறகு உள்ளே விழுந்தது. கூட்டம் போட்ட சத்தத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. மண்டியிட்டு அழுதேன், பரிமளா. வெட்கமே இல்லாமல் அழுதேன்.

உன் சிவப்புப் பூ அப்போது என் சட்டைப்பையில்தான் இருந்தது. போட்டிக்கு முந்திய நாள் வந்து சேர்ந்தது. எறிய மனம் வரவில்லை, விட்டுப் போகவும் மனம் வரவில்லை. பச்சாயிக்கு ஆடு தெரியும், அறுவடை தெரியும், கோல்ஃப் மட்டும் தெரியவில்லை என்று அவளிடமே சொல்லிவிடு.

உடனே கிளம்ப முடியவில்லை. ஒப்பந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். லண்டனில் சில நிகழ்ச்சிகள், பிறகு அமெரிக்காவில் ஒரு போட்டி. ஆவணிக் கடைசி முகூர்த்தத்தைப் பிடித்து வை. வந்துவிடுவேன்.

சந்தோஷத்தில் மிதக்கும்,
உன் மாமன்


ரஞ்சன்குடி
ஆகஸ்ட் 9

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் ஜெயித்த இரவு இந்த ஊரில் யாரும் தூங்கவில்லை. வெடி போட்டார்கள், எனக்கு மாலை போட்டார்கள். கோல்ஃப் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் எல்லாம் "நம்ம திருமுருகன்"னு சொல்லிச் சொல்லி அழுதார்கள். நானும் அழுதேன். எனக்குப் பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஹைவே முனையில் உங்களுக்குப் பெரிய பிளெக்ஸ் வைத்தார்கள். கோட்டை உயரம் இருந்தது. ஆடிக் காற்று மூன்றாம் நாளே அதைச் சாய்த்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் நெற்றியிலிருந்து தாடை வரை உங்கள் முகம் கிழிந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அத்தை செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய், அந்தத் துணியைச் சுருட்டித் தலையில் வைத்துத் தூக்கி வந்தார். "எவனும் எம்புள்ள மூஞ்சிய மிதிக்கக் கூடாது"ன்னு பரணில் வைத்திருக்கிறார்.

உங்கள் பெரியப்பா மகன் இளவரசன் கேலி செய்தார். "பச்சாயி வாக்கு பொய்யாப் போச்சே அண்ணி" என்றார். அத்தை உள்ளேயிருந்து, "அவ பொய் சொல்ல மாட்டா. இன்னும் வரல, அவ்வளவுதான்" என்றார். அன்றிலிருந்து அத்தைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்துவிடுகிறார். உங்கள் உயிருக்குத்தான் ஏதோ வருகிறது என்று நினைத்து, "எம்புள்ளைக்கு வர்றது எனக்கு வரட்டும்"னு கோயிலில் காசு முடிந்து வைத்திருக்கிறார். பச்சாயியைப் பற்றி நீங்கள் எழுதிய வரியை நான் படித்துக் காட்டவில்லை. இனி அப்படி எழுதாதீர்கள்.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் பந்தலுக்கும் சமையலுக்கும் சொல்லிவிட்டேன். உடையார்பாளையத்திலிருந்து என் அண்ணன் செல்லதுரை தாய்மாமன் சீரோடு வருகிறார். பாப்பாவை மடியில் வைத்துக்கொள்ள அவர் இருக்கிறார், பக்கத்தில் நிற்க நீங்கள் வேண்டும். ஐந்து வயதில் குத்தாவிட்டால் ஆறில் குத்த மாட்டோம், ஏழு வரை காத்திருக்க வேண்டும். எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

காத்திருக்கும்,
பரிமளா


அமெரிக்கா
செப்டம்பர் 14

பரிமளா,

கோபமாக இருப்பாய். காது குத்துக்கு வர முடியாமல் போனதைப் போனிலேயே சொல்லிவிட்டேன். நீ பதில் பேசாமல் வைத்துவிட்டாய். சண்டையாவது போட்டிருக்கலாம்.

இங்கே ஒரு நாள் போவது தெரியவில்லை. ஜெயித்தவன் மறுபடி ஜெயிக்காவிட்டால் குருட்டு அதிர்ஷ்டம் என்கிறார்கள். அந்தப் பேச்சை என்னால் தாங்க முடியவில்லை. நல்ல பயிற்சியாளர் கிடைத்திருக்கிறார். அந்தத் தரையோடு அடிக்கும் அடியை மறக்கச் சொல்கிறார். இந்த ஊருக்கு அது உதவாதாம். ஏரிக்கரையில் ஒரு வீடு பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். உங்களை எல்லோரையும் ஒரு நாள் கூட்டிவர வேண்டும். அம்மா இந்த ஊர்க் குளிரைத் தாங்குவாளா, தெரியவில்லை. பிறகு பார்க்கலாம்.

தையில் காது குத்திவிடலாம். பாப்பாவுக்கு அப்போதும் ஐந்து வயதுதானே.

அந்தப் பூவைச் சட்டையோடு சேர்த்துச் சலவைக்குப் போட்டுவிட்டார்கள். பை முழுக்க ஒரு சிவப்புக் கறைதான் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லாதே.

திருமுருகன்


அமெரிக்கா
அக்டோபர் 27

அன்பு பரிமளா,

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அம்மா இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க முடியவில்லை. நீ போன் செய்தபோது நான் போட்டியின் நடுவில் இருந்தேன். அடுத்த நாள் கடைசிச் சுற்று. கிளம்பினாலும் இரண்டு நாள் ஆகும். அதுவரை அம்மாவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பதா என்றுதான் எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றேன். இளவரசன் கொள்ளி வைத்தது எனக்குச் சம்மதம்தான். அவனும் பிள்ளைதானே. பதினாறாம் நாளுக்கு வரப் பார்த்தேன், கிளம்பினால் இங்கே திரும்பி நுழைய விசாவில் ஏதோ சிக்கல் என்கிறார்கள்.

ஒன்று மட்டும் இப்போது புரிகிறது. அந்தச் சிவப்பு அம்மாவுக்கு வந்தது. எனக்கு வர இருந்ததை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். பச்சாயியைக் கிண்டல் செய்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வந்த வினை வந்து போய்விட்டது. இனி நீ பயப்படாதே. தையில் வருகிறேன்.

திருமுருகன்


ரஞ்சன்குடி
நவம்பர் 12

மாமாவுக்கு,

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. குறையில்லாமல் செய்தோம். கண்ணாடிப் பெட்டிக்காரரை நான்தான் ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைத்திருந்தேன். நீங்கள் போனில் அப்படிச் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. "வந்துக்கிட்டு இருக்கார், வந்துக்கிட்டு இருக்கார்"ன்னு சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் இளவரசன், "அண்ணி, அண்ணன டிவியில காட்டுறான்" என்றார். அதன் பிறகுதான் தூக்கினார்கள்.

அத்தை கடைசி இரண்டு நாள் பேசவில்லை. அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் பரணிலிருந்து அந்த பிளெக்ஸ் துணியை இறக்கச் சொல்லி, கிழிந்த இடத்தை ஊசி நூலால் தைத்தார். தையல் கோணலாக இருக்கிறது. அதைத்தான் அவர் மேல் போர்த்தி அனுப்பினோம்.

மாமா, சிவப்பு அத்தைக்கு வந்ததென்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. ஊரும் அதைத்தான் சொல்கிறது. அத்தையும் அப்படி நம்பித்தான் போனார். பூ எதற்கு வந்ததென்று எனக்குத்தான் தெரியும், கண்ணை மூடி நினைத்தவள் நான்.

ஜெயிப்பீர்களா என்று கேட்கச் சொன்னீர்கள். அதைக் கேட்க எனக்குத் தேவை இருக்கவில்லை. நீங்கள் ஜெயிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொட்டலில், அந்தக் காற்றில், நீங்கள் அடித்த பந்தையெல்லாம் பொறுக்கி வந்தவள் நான்தானே. 'என் புருஷன் இந்த ஆட்டத்தை ஆடினால், திரும்ப இந்த வீட்டுக்கு வருவாரா?' என்றுதான் கேட்டேன். அதற்குத்தான் அவள் பதில் சொன்னாள். என்ன பயம் என்று கேட்காதீர்கள் என்று அன்றைக்கு எழுதினேன். இதுதான். சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். இதற்காக நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

ஜூலையிலிருந்து அந்தப் பதிலைப் பொய்யாக்க கடிதத்திலும் போனிலும் உங்களிடம் ஒரு தேதி கேட்டேன். ஒரே ஒரு தேதி. பச்சாயி தோற்றுப்போக வேண்டும் என்று பச்சாயியிடமே வேண்டிக்கொண்டேன்.

துக்க வீடு என்பதால் ஒரு வருடத்துக்கு நாங்கள் கோயில் படி ஏறக்கூடாது. உங்களுக்கு இது ஞாபகமில்லை போலும், தையில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மறுபடி பூக் கேட்கவும் வழியில்லை, பச்சாயி வாசலில் காது குத்தவும் வழியில்லை. நேற்றுப் பாப்பாவைப் பெரம்பலூருக்குக் கூட்டிப்போய் நகைக்கடையில் காது குத்தினேன். அழவில்லை. முடிந்ததும், "அப்பாக்கிட்ட சொல்லாதம்மா, நேர்ல வந்து பாக்கட்டும்" என்றாள். நான் சொல்லிவிட்டேன்.

எடுக்காத பொட்டலத்தை இன்று பிரித்தேன். வெள்ளை அரளி காய்ந்து, காவி ஏறி, எந்த நிறமென்று சொல்ல முடியாமல் இருக்கிறது. அதை இத்துடன் வைத்திருக்கிறேன். அதையாவது பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை பஸ்ஸில் நானும் பாப்பாவும் உடையார்பாளையம் போகிறோம். அண்ணன் வந்து கூப்பிட்டார். பாப்பாவை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறேன். மாட்டையும் வெங்காயக் காட்டையும் இளவரசன் பார்த்துக்கொள்வார். வீட்டுச் சாவி அவரிடம்தான் இருக்கும். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வாங்கித் திறந்துகொள்ளலாம். உள்ளே யாரும் இருக்கமாட்டோம்.

பரிமளா