வகுப்புக்குப் போகாமல் பாஸ்

வியாழக்கிழமை. எனக்கு எழுதத் தெரியாது, போனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது.

குவைத் சண்டை ஓய்ந்த வருஷம்தான் நான் ஷார்ஜாவுக்கு வெல்டராக வந்தேன். இன்று பேத்தி ஒரு காகிதத்தைக் காட்டினாள். காலேஜில் கணக்குப் பாடத்துக்கு அவள் வகுப்புக்கே போக வேண்டாமாம். ஒரே ஒரு பரீட்சை எழுதி பாஸாகிவிட்டாளாம், அந்தப் பாடம் முடிந்ததாகவே காலேஜில் ஒத்துக்கொண்டார்களாம்.

"வாத்தியார் முகத்தையே பார்க்காம பாஸா? யாரும்மா எழுதுனது?"

"நான்தான் தாத்தா. பாஸ்போர்ட்டப் பார்த்துட்டுத்தான் உள்ளயே விட்டாங்க."

"அன்னைக்குப் பம்பாயில எங்க பாஸ்போர்ட்டையும்தான் பார்த்தாங்க."

"அப்ப நான் ஏமாத்துனேன்னு சொல்றீங்களா?" சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள். மகன் என்னை முறைத்தான்.

மூன்று மாதம் அவள் படித்ததை நானே பார்த்தேன். ஆனாலும் சந்தேகம் விடமாட்டேன் என்கிறது. இங்கே வருமுன் பம்பாயில், தொழில் தெரியுமா என்று பார்க்க டிரேட் டெஸ்ட் வைத்தபோது எனக்கு வெல்டிங்கே தெரியாது. ஏஜென்ட் ஏற்பாட்டில், என் பேர் எழுதிய இரும்பு பிளேட்டில் வேறொருவன் வெல்டிங் வைத்துக் கொடுத்தான். அதைப் பார்த்துத்தான் எனக்கு விசா தந்தார்கள். தொழிலை இங்கே வந்துதான் கற்றேன்.

தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று அவளிடம் சொன்னால், ஏன் அப்படித் தோன்றியது என்பாள். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஏஜென்ட் செத்துப்போனான். என்னோடு அந்த டெஸ்டுக்கு வந்த இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தெரிந்தவன் என்று இன்னும் உயிரோடு இருப்பது அந்த பிளேட்டில் கை வைத்த அறந்தாங்கி தங்கராசு மட்டும்தான்.