காற்று என்று எழுதிய ஒன்பது படங்கள்

போபோடி, புனே
10 நவம்பர் 2024

அன்புள்ள கிரிஜா,

தேவனுடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும் என் மகனும்தான். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு உனக்குப் போனில் காது கேட்பதில்லை. எனக்கு அதில் தட்டித் தட்டி எழுதப் பொறுமை கிடையாது. எப்படியும் மெமரி கார்டுகளைக் கூரியரில்தான் அனுப்ப வேண்டும், கூடவே கடிதமும் வரட்டும்.

குன்றில் ஆறு கேமராக்கள். எது அசைந்தாலும் தானாகப் படம் எடுக்கும். மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் போய்க் கார்டுகளை மாற்றுகிறேன். நான் முட்டி தேய ஏறி இறங்க, நீ கோயம்புத்தூரில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து படங்களைப் பிரிக்கப் போகிறாய். தன்னார்வலர் என்ற பட்டம் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

விலங்குகளைக் கணக்கெடுக்கும் நம் குழுவை நடத்தும் சேஷு விதியைச் சொல்லச் சொன்னார். மனிதர் விழுந்த படங்களை மட்டும் அழித்துவிட வேண்டும். விறகுக்கும் ஒதுங்கவும் பெண்கள் வருவார்கள், அதை யாரும் பார்க்கக் கூடாது. மற்ற எதையும் அழிக்கக் கூடாது. காற்றில் புல் ஆடி விழுந்த வெற்றுப் படமாக இருந்தாலும் அப்படியே இருக்க வேண்டும். பிரித்த கார்டுகளையும் எண் பட்டியலையும் எனக்குத் திருப்பி அனுப்பு.

நான்காம் கேமரா நீர்க்குழி ஓரத்தில். அங்கே காது கிழிந்த தாய்ச் சிறுத்தை ஒன்று இரண்டு குட்டிகளோடு வருகிறது. ஜனவரி முடிய மூன்றும் பதிவாகிக்கொண்டே இருந்தால், குன்றை வெட்டி மனை போடும் அனுமதி நின்றுவிடும் என்கிறார் சேஷு.

பெனிஸ்டன் கசார்வாடிப் பட்டறையை விட்டுவிட்டான். ஏதோ மனை விற்கும் கம்பெனியில் மேற்பார்வை வேலையாம். என்ன கம்பெனிடா என்றால், "சப் டீக் ஹை, அம்மா", எல்லாம் சரிதான் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான்.

அன்புடன்,
ஈனிட்

கோயம்புத்தூர்
19 நவம்பர் 2024

அன்புள்ள ஈனிட்,

கார்டுகள் பத்திரமாக வந்தன. உன் கையெழுத்து மட்டும் மாறவே இல்லை. முப்பது வருஷம் பள்ளி அலுவலகத்தில் எழுதியவள் எழுத்தா இது என்று என் கணவர் கேட்கிறார்.

குட்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்று தாயின் வாலைக் கடிக்கிறது. பட்டியலும் பிரித்த கார்டுகளும் இத்துடன்.

ஒரு விஷயம். சேஷு அனுப்பிய செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டேன். குன்றின் மேற்குச் சரிவில் அக்டோபரில் இல்லாத ஒரு மண் கோடு நவம்பரில் இருக்கிறது. நேராக நீர்க்குழியை நோக்கி வருகிறது. பார்த்துச் சொல்.

பெனிஸ்டனுக்கு என் ஆசிகள். புனேயில் இருந்த காலத்தில், ஔந்தில் நான் காய்ச்சலில் கிடந்தபோது பத்து ராத்திரி ஆஸ்பத்திரித் தரையில் படுத்த பிள்ளை அவன். எங்கே இருந்தாலும் நன்றாக இருப்பான்.

உன்,
கிரிஜா

போபோடி
1 டிசம்பர் 2024

அன்புள்ள கிரிஜா,

உன் கோடு பாதைதான். ஜேசிபி பல் பதிந்த மண் இன்னும் ஈரமாக இருக்கிறது. யார் போட்டது என்று கேட்டால் ஊரில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. வழக்கமாக எனக்குச் சாயா தரும் கடைக்காரர்கூட முகம் கொடுக்கவில்லை.

வீட்டில் ஒரு நல்ல சேதி. போன வாரம் பெனிஸ்டன் முதல்முறையாக என் வேலையைப் பற்றி அவனாகக் கேட்டான். எங்கே தண்ணீர் குடிக்கும், எந்த நேரம், எந்தப் பக்கமாக வரும் என்று எல்லாம். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். சாப்பாட்டு மேஜையிலேயே காகிதம் எடுத்து நீர்க்குழியை வரைந்து காட்டினேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். இன்று நான் கிளம்பும்போது மட்டும், "அங்க தனியா போவாதம்மா" என்றான். பிள்ளைக்குத்தான் எத்தனை அக்கறை பார்.

இன்று எடுத்த கார்டுகள் இத்துடன். நான்காவதை முதலில் பார்.

அன்புடன்,
ஈனிட்

கோயம்புத்தூர்
10 டிசம்பர் 2024

அன்புள்ள ஈனிட்,

பட்டியலும் கார்டுகளும் இத்துடன். நான்காம் கேமராவில் தாயும் குட்டிகளும் இரண்டு நாள் வந்திருக்கின்றன. 211 முதல் 219 வரை காற்று. வேறு விசேஷம் இல்லை.

எனக்கு உடம்பு சரியில்லை, அதனால் நீளமாக எழுதவில்லை.

பெனிஸ்டனை இங்கே அனுப்பிவிடேன். என் கணவரின் நண்பர் கம்பெனியில் இடம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே வரட்டும். ஏன் என்று கேட்காதே. எனக்கு அவனைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, அவ்வளவுதான்.

நீயும் கொஞ்ச நாள் குன்றுக்குப் போகாதே.

உன்,
கிரிஜா

போபோடி
22 டிசம்பர் 2024

அன்புள்ள கிரிஜா,

தாய் செத்துவிட்டது. நீர்க்குழியிலிருந்து இருபது அடி. வாயில் நுரை காய்ந்திருந்தது. ஒரு குட்டி அதன் வயிற்றோடு ஒட்டிச் செத்துக் கிடந்தது. இன்னொன்றைக் காணவில்லை. வனக்காவலர் கேஷவ் பக்கத்தில் கிடந்த கறித்துண்டைக் குச்சியால் புரட்டி, விஷம் என்றார். நான்காம் கேமராவும் இல்லை. மரத்தில் அதைக் கட்டியிருந்த பட்டை மட்டும் தொங்குகிறது.

வீட்டுக்கு வந்து உன் பட்டியலை எடுத்தேன். 211 முதல் 219 வரை காற்று என்று எழுதியிருக்கிறாய். காற்றுப் படத்தை நாம் அழிப்பதில்லை, கிரிஜா. நீ திருப்பி அனுப்பிய கார்டில் அந்த ஒன்பதும் இல்லை.

நான் எதையும் நகல் எடுக்காமல் அனுப்புகிறவள் இல்லை, அலுவலகப் பழக்கம். அந்த ஒன்பது படங்களும் என் லேப்டாப்பில் இருக்கின்றன. இன்னும் திறக்கவில்லை. வியாழக்கிழமையிலிருந்து பெனிஸ்டன் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

அதில் யார்? நீ சொல்வதை நம்புகிறேன். உன் பதில் வரும்வரை திறக்க மாட்டேன். மற்ற ஐந்து கார்டுகள் இத்துடன். வீட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம்கூடக் கட்டவில்லை.

ஈனிட்

கோயம்புத்தூர்
27 டிசம்பர் 2024

அன்புள்ள ஈனிட்,

அழுதுகொண்டே எழுதுகிறேன். அந்தக் குட்டி வாலைக் கடித்த படம் கண்ணிலேயே நிற்கிறது.

காற்று என்று எழுதியது என் கைத்தவறு. அவர்கள் விறகுக்காரப் பெண்கள். இரண்டு பேர், முகம்கூடத் தெரியவில்லை. விதிப்படி அழித்தேன். நீயும் திறக்காமலே அழித்துவிடு. என்மேல் நம்பிக்கை இருந்தால் அழித்துவிடு, ஈனிட்.

பெனிஸ்டனைச் சாப்பிடச் சொல்.

உன்,
கிரிஜா

போபோடி
4 ஜனவரி 2025

கிரிஜாவுக்கு,

உன்னை நம்பினேன். ஒரு நாள் முழுக்க நம்பினேன். சந்தோஷமாகச் சமைத்தேன்கூட.

உன் கடிதம் மேஜையில் கிடந்தது. பெனிஸ்டன் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான், உனக்குத் தெரியும். விறகுக்காரப் பெண்கள் என்ற வரியில் விரலை வைத்தான். பிறகு, "ஆன்ட்டி ஏம்மா பொய் எழுதியிருக்காங்க? அது நான்லா" என்றான்.

அதற்கப்புறம் திறந்தேன். நான் வரைந்த காகிதம் அவன் கையில். பக்கத்தில் ஓர் ஆள். கடைசிப் படத்தில் பெனிஸ்டனே கிளையில் கறி கட்டுகிறான். நான் தைத்துக் கொடுத்த சட்டை. நீ பார்த்ததும் இதைத்தானே?

மூன்று வாரம் வெறும் கறிதானாம், கிரிஜா. கறிக்குப் பழகினால் சிறுத்தையைப் பிடித்து வேறு பக்கம் விட்டுவிடலாம் என்று சொல்லிக் கம்பெனியில் கட்டச் சொன்னார்களாம். பத்தொன்பதாம் தேதிதான் மருந்து தடவச் சொன்னார்களாம். "வேலை போயிடும்னாங்கம்மா, தடவிட்டேன்" என்றான்.

உன் கடிதம் பதினான்காம் தேதி என் கைக்கு வந்தது. அதில் ஒரு வரி உண்மை எழுதியிருந்தால், என் மகன் வெறும் கறி கட்டியவனாக மட்டும் நின்றிருப்பான். கழுத்தைப் பிடித்து நிறுத்தியிருப்பேன். பத்து ராத்திரிக்கு நன்றி செய்ததாக நினைத்தாய். நீ அவனைக் காப்பாற்றவில்லை, மருந்து வரைக்கும் போகவிட்டாய். வரைந்து கொடுத்தவள் நான். அதை நீ சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, தினமும் அந்த மேஜையில்தான் சாப்பிடுகிறேன்.

வியாழக்கிழமை லேப்டாப்பை எடுத்து, அவனையும் கூட்டிக்கொண்டு வன அலுவலகத்துக்குப் போனேன். படியில் என் கையைப் பிடித்துக்கொண்டான். திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் மட்டும்தான் இருந்தேன்.

நேற்று ஆறாம் கேமராவில் ஒரு படம். மிச்சமிருந்த குட்டி தனியாக நிற்கிறது. விலா எலும்பு எண்ணலாம். கேஷவ் ஆட்களோடு தேடிக்கொண்டிருக்கிறார். இனி படங்களை நானே பிரித்துக்கொள்வேன்.

உன்னிடம் இருக்கும் ஐந்து கார்டுகளைத் திருப்பி அனுப்பிவிடு. கடிதம் எதுவும் வைக்க வேண்டாம்.

ஈனிட்