செந்துணிக்கு ஒதுங்கிய பாலம்

வளம் பெருகுக! வெண்குன்ற நாடாளும் மன்னர் விறல்வேளின் ஆணை தாங்கி, அவர்தம் அமைச்சன் பொழிலன், வட எல்லை எயிற்கோட்டைத் தலைவர் கோவேந்தியார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் மதில் நிலைக்க. காய்ச்சல் தணிந்து தங்கள் வீடுகளில் அடுப்பு எரிக.

மருந்து வேண்டித் தாங்கள் விடுத்த ஓலைகள் காலங்கடந்தே தலைநகர் சேர்ந்தன. அதற்குள் வீரர் பலர் மாண்டனர். இடைவழித் தொங்குபாலத்தின் காவலர் உறங்காப்புலியார் பகைவரிடம் கைக்கூலி பெற்று ஓலைகளைத் தடுத்தார் என்று பழி எழுந்தது. அவர் தங்கள் சிறையில் கொலைத் தண்டனையை எதிர்நோக்கிக் கிடப்பதும் தாங்கள் அறிந்ததே.

அத்தண்டனை ஆணைக்கு முத்திரை இடுமுன், மன்னர் ஒற்றர் தலைவி நெய்தலியாரைப் பாலத்துக்கு அனுப்பினார். யாரையும் நிறுத்தலாகாது, எவ்வோலையையும் பிரிக்கலாகாது, போவதையும் வருவதையும் பார்த்தால் போதும் என்பது கட்டளை. அம்மையார்க்கு அது துளியும் பிடிக்கவில்லை. நாலு பேரைப் பிடித்து உலுக்கினால் உண்மை வந்துவிடுமே, பாறைமேல் குந்தியிருந்தால் என்ன தெரியப்போகிறது என்று முணுமுணுத்தபடியே சென்றார்.

ஆயினும் கண்கொட்டாமல் பார்த்தார். பாலம் ஓராள் அகலமே உடையது. தலையில் செந்துணி கட்டி அரச ஓலை சுமந்து வருபவனுக்கு எவரும் ஒதுங்கி நிற்பது நம் நாட்டு வழக்கம். தலைநகரிலிருந்து செந்துணிகளோ ஒன்று கடக்குமுன் அடுத்தது என வந்தவண்ணம் இருந்தன. அக்கரையில் தங்கள் கோட்டை ஓட்டக்காரர், ஓலையை மார்போடு அணைத்து, வெயிலில் வாடி நின்றனர். காவலர் எவரும் அவர்களைத் தடுக்கவில்லை. பாவம், உறங்காப்புலியார் என்றே அம்மையார் மனம் கசிந்தார்.

அவைக்கு மீண்டவர், பாலத்தை அடைத்திருப்பது அரச ஓலைகளே என்றும், அவற்றில் எழுதியிருந்தது யாதெனத் தமக்குத் தெரியாது, எழுதியவர்க்கே தெரியும் என்றும் அஞ்சாது உரைத்தார். கோட்டையிலிருந்து ஏன் செய்தி இல்லை என்றுதான் அத்தனை ஓலையிலும் தாம் கேட்டிருந்ததாக மன்னர் கூறினார். ஐயகோ! கேள்விக்கு வழிவிட்டு விடை நின்றது. விடை வராமையால் கேள்வி பெருகியது.

ஆகவே ஆணை இது. உறங்காப்புலியாரின் விலங்கைத் தாங்களே தங்கள் கையால் நீக்குக. இனி எல்லையிலிருந்து வருவோர்க்குச் செந்துணியே ஒதுங்கி நிற்க. மருந்துப் பொதிகள் இவ்வோலைக்கு முன்னே வருகின்றன. இதைக் கொணர்பவனும் பாலத்தில் வழிவிட்டு நின்றே வருவான். அதனால் அப்பெரியவர் சிறையில் கூடுதலாய்க் கழிக்கும் பொழுதுக்கும் பழி தம்மையே சாரும் என்று மன்னர் தம் கையாலேயே இறுதி வரி எழுதி, முத்திரை இட்டார்.