சாமியை வெளியே போகச் சொன்ன டாக்டரம்மா

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம். கடவுள் கிருபையில் சுகமாயிருக்கிறேன். உங்கள் முட்டிவலி தேவலையா?

தூக்கம் வரவில்லை என்றேனே, அதற்காகச் செவ்வாயன்று மனநல டாக்டரம்மாவிடம் வீடியோவில் பேசினேன். பயப்படாதீர்கள், நீங்கள் சிரிக்கத்தான் எழுதுகிறேன். வேலை செய்யும் வீட்டில் துணி துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"ரூம்ல வேற யாராவது இருக்காங்களா?"

"சாமி மட்டும் இருக்காரும்மா."

"அவரக் கொஞ்சம் வெளிய போகச் சொல்லுங்க. நீங்க பேசறத யாரும் கேக்கக் கூடாது."

"ஐயோ, அவரு காலண்டர் சாமிம்மா! அவருக்குத் தெரியாததா?"

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, அவர் இருக்கட்டும். கையில என்ன?"

"பூண்டு உரிக்கிறேன், பேச்சோட பேச்சா."

"அதக் கீழ வைங்க. இந்த அரைமணி உங்களுக்கு மட்டும்."

வைத்தேன். கை சும்மா ஆனதும் அழுகை வந்துவிட்டது. அழ அழ நெஞ்சு லேசானது. அன்றைக்கு விடியும்வரை அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன், தெரியுமா!

இனிச் செவ்வாய்தோறும் பத்து மணிக்கு டாக்டரம்மாவிடம் பேசுவேன், அப்போது போன் போடாதீர்கள். என்ன பேசினேன் என்றும் கேட்காதீர்கள், அது எனக்கே எனக்காம். பத்தரைக்கு நானே கூப்பிடுவேன். குக்கர் விசில் அடிக்கிறது, முடிக்கிறேன். பேச விஷயமே இல்லாவிட்டாலும் போனை எடுத்துச் சும்மா காதில் வைத்துக்கொள்ளுங்கள்.